மோப்பம் சாரின் மேகம்

சூரியனைக் கைது செய்ய முடியாது என்கிற ஒரே காரணத்தால்தான் அவர்கள் ஷிப்ட் இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன வாரம் பட்டப்பகலில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கினார்கள். சுரங்கப் பாதையில் ரயில் நின்றது. கண்ணாடித் தொழிற்சாலையில் உலையில் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடி உறைந்து பாறையாகிவிட்டது. இவ்வளவு பெரிய கூத்துக்கு யாராவது ஒருவர் காரணமாக இருந்தே ஆகவேண்டுமல்லவா? பெரிய மனிதர்கள் கூடி யோசித்தார்கள். பெரிய மனிதர்கள் கூடி யோசித்தால் தப்பு என்பது தண்ணீர் மாதிரி. எந்த மேட்டிலும் நிற்காது. பள்ளத்தில் இருப்பவள் காலடிக்குத்தான் ஓடி வரும்.

அப்படி ஓடி வந்தது மின் கட்டுப்பாட்டு அறையில் அன்றைக்குப் பகல் ஷிப்ட் பார்த்த பெண்ணிடம். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நண்பகல் ஷிப்டில் தனியாக உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

இந்த மின்சார விவகாரம் ஒன்றும் பிரமாதமில்லை, மிரள வேண்டாம். மாவு மில்லில் காத்து நின்றிருப்பீர்கள். தானியத்தை அளவாகப் போட்டால் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடும். அவசரக்காரர் ஒருவர் மூட்டையை ஒரேயடியாகக் கவிழ்த்தால் முக்கி முனகி வேகம் குறையும். ஊருக்கு மின்சாரம் தருகிற இயந்திரங்கள் அத்தனையும் கைகோத்துக்கொண்டு அப்படித்தான் ஓடுகின்றன. வினாடிக்கு ஐம்பது துடிப்பு அவற்றின் சுருதி. அதைத்தான் ஃப்ரீக்வென்சி என்கிறார்கள். ஊர் இழுப்பதும் இயந்திரங்கள் கொடுப்பதும் சரிக்குச் சரியாக இருந்தால் முள் ஐம்பதில் நிற்கும். கொடுப்பது குறைந்தால் முள் இறங்கும். நாற்பத்தொன்பதரைக்குக் கீழே போய்விட்டால் பாதுகாப்புச் சாதனங்கள் யாரையும் கேட்காது. ஒவ்வொரு பேட்டையாக வெட்டிக்கொண்டே போகும்.

இப்போது நண்பகலில் ஊரின் பாதி மின்சாரம் வெயிலிலிருந்து வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் வெயிலைக் கவிழ்க்க ஒரு மேகக்கூட்டம் போதும். அந்தச் சமயத்தில் வேறு யாராவது சட்டென்று தோள் கொடுக்க வேண்டும். அப்படித் தோள் கொடுப்பதற்கென்றே ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பழைய அனல் மின்நிலையம் வைத்திருந்தார்கள். முள் இறங்கினால் அங்குள்ள இயந்திரம் யாரும் சொல்லாமலே நீராவியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறும். ஏற வேண்டும். அன்றைக்கு மேகம் வந்தது, முள் இறங்கியது, ஊர் அணைந்தது.

இதைத் துப்பறிந்து சொல்ல, அண்ணி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தியை அழைத்தவர் கட்டுப்பாட்டு அறையின் தலைவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மேகம் வருவதை முன்கூட்டியே மோந்து பார்த்துவிடுவாராம். அதனால் மோப்பம் சார். எப்போது மேகம் திரண்டாலும், அது தகடுகள் பரப்பிய சூரிய வயல்களைத் தொடுவதற்கு முன்பே அனல் நிலையத்துக்குப் போனைத் தூக்கி உஷார்ப்படுத்திவிடுவார், முள் அசையவே அசையாது என்று அந்த அறையிலிருந்த சின்னப் பையன்கள் வாயைப் பிளந்து சொன்னார்கள். அந்த மூக்குக்கு ஒரு விருது கூடக் கிடைத்திருந்தது. ஊர் அணைந்த நேரத்தில் அவர் அதை வாங்கிக்கொண்டு மேடையில்தான் நின்றாராம். ‘மின்சாரத்தின் காவலர்’ என்று வாழ்த்திக்கொண்டிருந்தபோது மைக் செத்துப் போயிற்று.

அண்ணி என்பது உறவுமுறை. கூடவே சுற்றுகிற கொழுந்தன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ்காரர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. தானாகத் தீப்பிடித்த கிடங்குகளையும் தானாக ஆற்றில் குதித்த கார்களையும் நிறையப் பார்த்தவள். கொழுந்தனுக்கு ஃபேன், மிக்ஸி ரிப்பேர் தொழில். வாய் மட்டும் ரிப்பேர் இல்லாமல் ஓடும்.

மோப்பம் சார் அவர்களைத் தம் அறையில் உட்கார வைத்து, குற்றவாளிகள் இரண்டே பேர் என்று விளக்கினார். ஒன்று, இந்த நம்பிக்கைத் துரோகி சூரியன். இன்னொன்று, தூங்கிய பெண். நடுநிலையான ஆள் ஒருவர் வெளியிலிருந்து வந்து சொன்னால் எடுபடும் என்பதால்தான் அண்ணியைக் கூப்பிட்டாராம். நண்பகலில் விசாரணைக்கு நீதிபதி ஐயா வருகிறார், அதற்குள் சொல்லிவிட்டால் தேவலை என்றார். அண்ணிக்கு இதெல்லாம் புரியாதென்றும், புரியாதவள் சீக்கிரம் தலையாட்டுவாள் என்றும் அவர் நம்பியது அவர் சிரிப்பிலேயே எழுதியிருந்தது. நடந்ததைக் காட்டும் பதிவுகள் எங்கே என்று கேட்டதற்கு, இருட்டில் பதிவுக் கருவியும் படுத்துவிட்டது என்றார்.

வெளியே வந்ததும் கொழுந்தன் ஆரம்பித்தான்.

“சூரியனுக்கு வக்கீல் யாராம் அண்ணி? நான் ஆஜராகட்டுமா? என் கட்சிக்காரர் அன்னிக்கும் வழக்கம்போல மேலதான் இருந்தார். குறுக்க வந்தது மேகம். அதைக் கூண்டுல ஏத்துங்க.”

“வாயை மூடிட்டு வா. அந்தப் பொண்ணைப் பார்க்கணும்.”

அந்தப் பெண் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே மோப்பம் சார் விருது வாங்கும் படம். அவள் சொன்னதில் பாதியை அழுகை விழுங்கிவிட்டது. வேலை போகும், அதற்குமேல் கோர்ட்டும் வரும் என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் மகளை எல்லோரும் ‘இருட்டு’ என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழவில்லை.

“பச்சை விளக்கு எரிஞ்சுது அக்கா. பச்சை எரிஞ்சா அந்த மிஷின் தானா ஏறும்னு அர்த்தம். நாமளும் கை வச்சா ரெண்டும் சேர்ந்து அதிகமாயிடும், அதனால கொஞ்சம் பொறுக்கணும், அதுதான் விதி. பொறுத்தேன். முள்ளு இறங்கிட்டே இருந்துச்சு. இப்போ ஏறும், இப்போ ஏறும்னு பார்த்துட்டே இருந்தேன்.”

“மிஷின் ஏறலையா?”

“என் கண்ணு முள்ளுலேயே இருந்துச்சு. ஏறிச்சாம். ஏறியும் போதலைன்னு அவங்க மேனேஜர் சத்தியம் பண்றார். நான் முன்னாடியே போன் பண்ணியிருக்கணுமாம். பொறுத்தது நான்தானே அக்கா. ஒத்துக்கலாம்னு இருக்கேன்.”

“ஒத்துக்கறதுக்கு என்ன அவசரம்? தப்பு உன்னுதான்னு தெரிஞ்சப்புறம் ஒத்துக்கோ. அதுவரைக்கும் இந்தப் படத்துக்குக் கீழ உட்காராதே. வேற இடம் பாரு.”

✱

அனல் நிலையத்தின் மேனேஜருக்குப் பளபளா என்று பட்டப்பெயர். காரணம் கேட்க வேண்டியதில்லை. வாசல் படியில் முகம் பார்க்கலாம். பித்தளைக் குழாய்கள் புதுப் பெண் போல மினுங்கின. அவர் தலையும் அப்படியே. வந்தவர்களை வரவேற்ற கையோடு, மோப்பம் சார் தன் மகளை இவர் பையனுக்குக் கொடுத்திருக்கிறார் என்ற செய்தியையும் தந்துவிட்டார். சம்பந்தி என்று சொல்லும்போது மட்டும் ஒரு சின்ன இளக்காரம். பெண் கொடுத்தவர் ஒருபடி கீழே நிற்க வேண்டியவர்தானே என்கிற அந்தப் பழைய இளக்காரம், இந்தக் காலத்திலும் இஸ்திரி போட்ட சட்டைக்குள்ளே பத்திரமாக இருந்தது.

சூரிய மின்சாரம் என்றாலே அவருக்குக் குமட்டியது. அது வந்ததிலிருந்து முள் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை, குதிக்கிறது, சரிகிறது, கண்ட மேகத்துக்கெல்லாம் ஆடுவதற்குத் தம் இயந்திரம் என்ன வேலைக்காரியா என்று ஒரு பிரசங்கமே செய்தார். இவ்வளவு வெறுப்பாகப் பேசுகிறவர், ஆனாலும் தம் இயந்திரம் கடமை தவறாமல் ஆடுகிறது என்று முடித்தபோது, அண்ணி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆடுகிற அந்த உறுப்பைக் காட்டச் சொன்னாள்.

காட்டினார். இயந்திரத்தின் பக்கவாட்டில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கை. கவர்னர் என்றார்கள். முள் கொஞ்சம் இறங்கினாலும் இந்தக் கை உயர்ந்து நீராவி வால்வைத் திறக்கும். முள் ஏறினால் தாழ்ந்து மூடும். ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய கை. அது ஆணி அடித்த படம் போல நின்றது.

“பேரே கவர்னரா சார்?” என்றான் கொழுந்தன். “அப்போ வேலை செய்யாததுல ஆச்சரியமில்ல.”

பளபளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு ஃப்ரீக்வென்சி நிதானமாக இருக்கிறது, அதனால்தான் கை அசையவில்லை என்றார். பக்கத்துச் சுவரிலேயே ஃப்ரீக்வென்சி முள் இருந்தது. அது ஐம்பதுக்கு இப்படியும் அப்படியும் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் முள்ளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பளபளாவைப் பார்த்தான். அவர் சளைக்காமல், அந்த அசைவு ரொம்ப நுட்பமானது, பழக்கமில்லாதவர் கண்ணுக்குத் தெரியாது என்றார்.

“தெரியும் சார். எங்க வீட்டு ஃபேனும் அப்படித்தான் ரொம்ப நுட்பமா சுத்தும். கரண்ட் இல்லாதப்போ.”

அண்ணி இதற்குள் இயந்திரத்தைச் சுற்றிப் பின்புறம் போயிருந்தாள். பார்வையாளர் நிற்கிற பக்கம் மட்டும்தான் பாலிஷ். பின்பக்கம் எண்ணெயும் பிசுக்கும் அழுக்குமாக, விருந்தாளி போனபின் வீடு இருக்கிற மாதிரி இருந்தது. இரும்புக் கையின் அடிமுனை ஒரு தூணுக்கு அருகே வந்து முடிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில், கைக்கும் தூணுக்கும் பாலம் போட்ட மாதிரி, ஒரு குளவிக் கூடு.

மண்ணைக் குழைத்துக் குழைத்துக் குளவி கட்டியது. ஒரு பாதி ஆடவேண்டிய கையில், மறு பாதி ஆடாத தூணில். கை ஒருமுறை ஆடியிருந்தாலும் மண் உடைந்திருக்கும். ஒரு கீறல் கிடையாது. கூட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள். உள்ளே குஞ்சு வளர்ந்து, வெளியே வந்து, பறந்து, குடும்பம் காலி செய்துகொண்டு போயாகிவிட்டது. குளவி முட்டையிட்டு மூடிய கூடு திறக்கப் பல வாரங்கள் ஆகும். ஊர் அணைந்ததோ போன வாரம்.

அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஐயையோ, இங்கே இவ்வளவு குப்பையா என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

அது போதுமாயிருந்தது. பளபளாவை யாரும் பொய்யர் என்று சொல்லலாம். அசுத்தம் என்று சொல்லிவிடக் கூடாது. முகம் சிவந்துவிட்டது. கூட்டுகிறவர்களைத் திட்டினார், அவர்கள் பரம்பரையைத் திட்டினார், ஒரு குச்சி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

“ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன் மேடம், அந்தக் கூட்டைத் தட்டுங்கடான்னு. ஒருத்தன் கேக்கறதில்ல. நானே என் கண்ணால அது கட்டும்போதே பார்த்தேன். அசுத்தத்தை நான் எப்பவும் பொறுத்துக்கிட்டதில்ல.”

“ரெண்டு மாசமா?”

“அதுக்கு மேலயே இருக்கும்.”

தம் சுத்தத்தைக் காப்பாற்ற அவர் தம் கழுத்தைக் கொடுத்துவிட்டார். கொடுத்தது தெரியாமலே குச்சியை வாங்கினார். கொழுந்தன் சடாரென்று இடையில் புகுந்தான். குளவி பாவம் சார், அதுவும் ஒரு குடித்தனக்காரர்தானே, அனல் நிலையத்துக்குள் வீடு கட்டிய முதல் ஆளாயிற்றே என்று என்னென்னவோ பேசிக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டான். கூட்டுக்குக் கீழே, பிசுக்குக்குள் தலை மட்டும் தெரிய, கையைத் தூணோடு சேர்த்து முடுக்கியிருந்த பெரிய போல்ட் ஒன்றையும் அவன் பார்த்துவிட்டான். துருப்பிடித்த போல்ட் ஆணி. ஆடி ஆடித் தேய்கிறதே என்று இயந்திரத்தின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கட்டிப்போட்டுவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் பச்சை விளக்கு மட்டும் எரியவிட்டிருக்கிறார்கள்.

வால்வுச் சக்கரத்தின் அருகே உட்கார்ந்திருந்த ஆபரேட்டரிடம் அண்ணி பேச்சுக் கொடுத்தாள். இயந்திரத்தைக் கையால் ஏற்றுவதும் உண்டா என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சொன்னார். உண்டே, மேகம் வரும்போதெல்லாம் அப்படித்தானாம். மோப்பம் சார் போன் போட்டு ‘ஏத்து’ என்பார், இவர் சக்கரத்தைத் திருகி நீராவியைக் கூட்டுவார், சொல்லி வைத்த மாதிரி அடுத்து மேகம் வந்து நிற்கும். அந்த மூக்கைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றார் அந்த அப்பாவி.

அண்ணி சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தப் போனை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

பிறகு பளபளாவிடம் போய், இப்படியொரு சுத்தமான நிலையத்தைத் தன் கொழுந்தன் பார்த்ததே இல்லை, ஆபரேட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்றாள். பளபளா குளிர்ந்து போய் அவனுக்கு நாற்காலியும் டீயும் ஏற்பாடு செய்தார்.

வாசலில் கொழுந்தன் முணுமுணுத்தான்.

“கேஸ் முடிஞ்சு போச்சே அண்ணி. போல்ட் இருக்கு, கூடு இருக்கு, ஆளே ஒத்துக்கிட்டான். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகலாம். என்னை எதுக்கு இந்தக் கொதிகலன்ல வேக வைக்கறீங்க?”

“முடியல. இப்போ போய்ச் சொன்னா என்ன ஆகும்? இவனை மட்டும் உள்ள தள்ளிட்டு, ‘மிஷின் பழுதா இருந்தா என்ன, அவ போன் பண்ணியிருக்கலாமே’ம்பாங்க. அந்தப் பொண்ணு மாட்டினது மாட்டினதுதான். நீ போன் பக்கத்துல உட்காரு. மேகம் வரும். போன் வந்தா நீ எடு. போன் வராம முள்ளு நாப்பத்தொம்பதே முக்காலுக்கு வந்துட்டா, யாரையும் கேக்காம ஆபரேட்டரை ஏத்தச் சொல்லு. ஒருத்தனைப் பிடிக்கறதுக்காக நான் ஊரை இருட்டாக்க மாட்டேன்.”

“போன்ல என்ன பேசறது?”

“உனக்கா சொல்லிக் குடுக்கணும்?”

✱

கட்டுப்பாட்டு அறையின் ஒரு சுவர் முழுக்கப் படம். சூரிய வயல்கள், மின்நிலையங்கள், ஊரின் பேட்டைகள் எல்லாம் விளக்குகளாக மின்னின. நடுவில் பெரிய எழுத்தில் ஃப்ரீக்வென்சி. நீதிபதி ஐயா வந்து மெத்தை நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஓய்வுபெற்றவர். ஓய்வை இங்கேயும் தொடர்ந்துகொண்டிருந்தார். ஷிப்ட் பெண் சுவரோரம் நின்றாள். முள்ளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டுவதற்காக மோப்பம் சாரே ஷிப்ட் மேஜையின் முன் உட்கார்ந்திருந்தார். அந்த மேஜையில் பேசுகிற பேச்சு எதுவும் ரகசியமில்லை. போன் எல்லாம் ஒலிபெருக்கியில்தான் பேசும், அறை முழுக்கக் கேட்கும். அப்படித்தான் அங்கே வழக்கம்.

அண்ணி உள்ளே வந்ததும், கண்டுபிடித்தாயிற்றா என்று ஐயா ஒரு கண்ணைத் திறந்து கேட்டார்.

ஆயிற்று என்றாள். அனல் நிலையத்துக்குப் போய்த் தன் கண்ணால் பார்த்தாளாம். இயந்திரத்தின் கை அழகாக ஆடுகிறதாம். முள் ஒரு பொட்டு இறங்கினால் போதும், யாரும் சொல்லாமல் தானே ஏறுமாம். இவ்வளவு நல்ல இயந்திரத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள்.

சுவரோரம் நின்ற பெண்ணின் முகம் செத்துவிட்டது. கடைசியாக ஒரு ஆள் தனக்காக வந்தாள் என்று நினைத்திருந்தாள். அவளும் அவர்கள் பக்கம். மோப்பம் சார் முகத்தில் வெளிச்சம். நான் சொன்னதுதான் ஐயா என்றார். பச்சை விளக்கைக் காட்டினார். இயந்திரம் தயாராக இருந்தும் ஒரு பெண் கோட்டை விட்டாள் என்று கையை விரித்தார். ஐயா தலையாட்டினார். அந்தப் பெண்ணைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒத்துக்கொள்ளத்தான் திறந்தாள்.

அப்போது படத்தில் மேற்கு வயலின் விளக்கு மங்கியது.

மேற்கிலிருந்து ஒரு மேகக்கூட்டம் நகர்ந்து வந்தது. அந்தப் பருவத்தில் மத்தியான வேளையில் தினமும் அப்படி வரும். மேற்கு வயலுக்கு அடுத்த வயலும் மங்கியது. முள் ஐம்பதிலிருந்து நழுவியது. மோப்பம் சாரின் வலது கை அனல் நிலையத்து போனுக்குப் போனது.

“இருங்க சார்,” என்றாள் அண்ணி. “நல்ல நேரத்துல வந்திருக்கு. ஐயா பார்க்கட்டுமே, தானா ஏறுற அழகை. யாரும் போனைத் தொட வேணாம்.”

கை நின்றது. ஐயா இரண்டு கண்களையும் திறந்தார். இயந்திரங்கள் தானே ஏறுவதை அவர் பார்த்ததில்லை, பார்க்க ஆசைதான் என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அனல் நிலையத்தின் எண் அசையவில்லை. முள் மட்டும் இறங்கியது. மோப்பம் சார் தொண்டையைச் செருமினார். சில சமயம் கொஞ்சம் தாமதமாகும் என்றார். முன்னெச்சரிக்கையாக ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமே என்றார். எதற்கு, அதுதான் தானாக ஏறுமே என்றாள் அண்ணி. கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். அந்தப் புகழ்பெற்ற மூக்கின் நுனியில் வேர்வை முத்து முத்தாகத் துளிர்த்தது. நெற்றியிலிருந்து ஒரு துளி கிளம்பி மேஜையில் விழுந்தது.

முள் நாற்பத்தொன்பதே முக்காலுக்குப் பாதி வழி இறங்கியபோதே மோப்பம் சார் போனைப் பறித்தார்.

“ஏத்து. நான்தான். ஏத்து, சீக்கிரம்.”

ஒலிபெருக்கியில் யாரோ சாவகாசமாக டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வணக்கம் சார். நான் அண்ணியோட கொழுந்தன் பேசறேன். எதை ஏத்தணும் சார்? இது தானா ஏறுற மிஷின்னு சொன்னாங்களே. நானும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருக்கேன். கை அசையவே இல்ல. கையில குளவி கட்டின கூடும் அசையல. நீங்க அடிச்ச ஆணியா சார் இது, இல்ல உங்க சம்பந்தி அடிச்சதா?”

ஐயா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க எதுக்காக அங்க போன் பண்ணீங்க?” ஐயா கேட்டார். இப்போது அவர் குரலில் தூக்கம் இல்லை.

மோப்பம் சார் போனை இன்னொரு கைக்கு மாற்றினார். அண்ணி அவருக்குப் பதிலாகச் சொன்னாள். சத்தம் போடவில்லை; சத்தம் போடுகிற அளவுக்கு அவரை அவள் மதிக்கவில்லை.

“தானா ஏறும்னு நம்பறவன் போன் பண்ண மாட்டான் ஐயா. அந்தப் பொண்ணு நம்பினா, அதனால பொறுத்தா. இவர் ஒவ்வொரு மேகத்துக்கும் முன்னாடியே போன் பண்ணியிருக்கார். ஒரு தடவை கூடத் தவறினதில்லன்னு இங்க எல்லாரும் பெருமையாச் சொல்றாங்க. ஏன் தவறல? அந்த மிஷின் கையைக் கட்டிப் போட்டிருக்காங்கன்னு இவருக்கு மட்டும் தெரியும். பொண்ணு குடுத்த இடம், கேட்க வாய் வரல. அதனால காரணத்தைச் சொல்லாம போன் பண்ணிப் பண்ணி ஓட்டினார். ஊர் அதை மூக்குன்னு சொல்லி விருது குடுத்தது. விருது வாங்கப் போன அன்னிக்கு, போன் பண்ணணும்ங்கறதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லாமப் போனார். சொன்னா மூக்கு போயிடுமே.”

கொஞ்சம் நிறுத்தி, அவரைப் பார்த்தே முடித்தாள்.

“மேகத்தை நீங்க மோந்ததே இல்ல சார். சம்பந்தி அடிச்ச ஆணியை மட்டும் மறக்காம இருந்தீங்க.”

மோப்பம் சார் ஏதோ சொல்ல வந்தார். சம்பந்தியிடம் பலமுறை சொன்னேன் என்றோ, தனக்கு இதெல்லாம் தெரியாது என்றோ, இரண்டையும் சேர்த்தோ. ஐயாவும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பெரியவர்களுக்குப் பேசவேண்டியது நிறைய இருந்தது.

“பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்.”

சுவரோரம் நின்ற பெண்தான். கண், நாற்பத்தொன்பதே முக்காலை நெருங்கிவிட்ட முள்ளின் மேலேயே இருந்தது. கன்னத்தில் ஈரம் காயவில்லை. நேரே வந்தாள், மோப்பம் சார் கையிலிருந்து போனை எடுத்தாள். பிடுங்கவில்லை, தன் பொருளை எடுக்கிற மாதிரி எடுத்தாள். ஆபரேட்டரை ஏற்றச் சொன்னாள். ஒரேயடியாக வேண்டாம், படிப்படியாக, நான் சொல்லச் சொல்ல என்றாள். இன்னொரு போனை எடுத்து, குடிநீர் ஏற்றுகிற பெரிய பம்புகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னாள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, யாருக்கும் தெரியப் போவதில்லை என்றாள். குளிர்பதனக் கிடங்குக்கும் அப்படியே.

முள் ஒரு கணம் நின்றது. யோசித்தது. பிறகு மேலே நகர ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே ஊர் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த லிஃப்டும் நிற்கவில்லை. எந்த ஃபேனும் தயங்கவில்லை. இவ்வளவு நடந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒலிபெருக்கியில் கொழுந்தன் கேட்டான். “மேடம், ஏறிடுச்சு. நான் டீயைக் குடிச்சு முடிக்கலாமா?”

“முடிங்க. மேகம் விலகினதும் இறக்கணும். லைன்லயே இருங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். மோப்பம் சார் இன்னும் மேஜையின் முன் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க வேண்டும் என்பதையும் யாராவது போன் பண்ணிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“எழுந்திரிங்க சார். இது என் ஷிப்ட்.”

எழுந்தார். எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் சுவரோரமாகப் போய் நின்றார். அவள் உடனே உட்காரவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தாள்.